அணுவும் மூலக்கூறும் மின்சுமை பெறுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுத்த ஆண்டுகளில், அயனிகளைப் பற்றி மாணவர்களும் சில வேளைகளில் அவர்களுடைய பெற்றோரும் திரும்பத் திரும்ப எழுப்பிய ஐயங்களை, கூடியவரை அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன. எல்லாப் பதில்களிலும் நான் இரண்டு விசாரணைகளை விடாமல் நடத்துவதை வாசகர் கவனிக்கலாம்: எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே போனது, அதற்கான ஆற்றல் செலவை எது ஏற்றுக்கொண்டது. இந்த வரவு செலவைக் கேட்காமல் விடுவதால்தான் பெரும்பாலான குழப்பங்கள் வருகின்றன என்பது என் அனுபவம்.

1. அணுவில் மின்சுமை இல்லை என்கிறார்கள். இல்லாத ஒன்றிலிருந்து மின்சுமை எப்படி வருகிறது?

அணுவில் மின்சுமை இல்லை என்பது சரியன்று. இரு வகை மின்சுமைகளும் சம அளவில் இருப்பதால் வெளியே தெரிவதில்லை என்பதே சரி. சோடியம் அணுவின் கருவில் நேர்மின்சுமை கொண்ட 11 புரோட்டான்களும், கருவைச் சுற்றி எதிர்மின்சுமை கொண்ட 11 எலக்ட்ரான்களும் இருக்கின்றன. ஒரு புரோட்டானின் சுமையும் ஓர் எலக்ட்ரானின் சுமையும் குறியில் எதிரானவை, அளவில் சமமானவை. அந்த அளவு 1.602 × 10⁻¹⁹ கூலும். கூட்டினால் சுழி.

அந்த 11 எலக்ட்ரான்களில் ஒன்று வெளியேறும்போது புதிதாக எந்த மின்சுமையும் பிறப்பதில்லை. ஈடுகட்ட ஆளில்லாமல் போன ஒரு புரோட்டானின் சுமை வெளியே தெரியத் தொடங்குகிறது, அவ்வளவுதான். இந்த நிலையில் உள்ள அணுவை நேர்மின் அயனி என்கிறோம். எலக்ட்ரான் ஒன்று கூடுதலாக வந்து சேர்ந்தால் அது எதிர்மின் அயனி. பல அணுக்கள் சேர்ந்த மூலக்கூறுக்கும் இதே கணக்குத்தான்.

2. எப்போது பார்த்தாலும் எலக்ட்ரானே வருகிறது, போகிறது. புரோட்டான் ஏன் அசைவதில்லை?

புரோட்டான்களையும் நியூட்ரான்களையும் கருவுக்குள் பிடித்துவைத்திருக்கும் விசை, எலக்ட்ரான்களைப் பிடித்துவைத்திருக்கும் மின்விசையைவிட மிகவும் வலியது. பெரும்பாலான கருக்களிலிருந்து ஒரு துகளைப் பிரித்தெடுக்க ஏறத்தாழ 80 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் (ஆற்றலை அளக்கும் மிகச் சிறிய அலகு, விளக்கம் 4ஆம் பதிலில்) ஆற்றல் வேண்டும். வெளிக்கூட்டு எலக்ட்ரானை, அதாவது கருவைச் சுற்றிய அடுக்குகளில் கடைசி அடுக்கில் உள்ளதை, பறிக்கவோ 4 முதல் 25 எலக்ட்ரான் வோல்ட் போதும். அடுப்பின் தீயாலும் மின்கலத்தாலும் வேதிவினையாலும் முதல் செலவை ஏற்க முடியாது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. ஹைட்ரஜனின் கரு என்பதே ஒற்றைப் புரோட்டான்தான். ஆகவே ஹைட்ரஜன் தன் எலக்ட்ரானை விட்டுவிட்டு மூலக்கூறு விட்டு மூலக்கூறு தாவும்போது, தாவுவது புரோட்டானே. இதை 8ஆம் கேள்வியில் பார்க்கலாம்.

3. அயனி என்ற சொல் எங்கிருந்து வந்தது?

1834இல் மைக்கேல் ஃபாரடே, மின்னாற்பகுப்பின்போது, அதாவது மின்சாரம் செலுத்திப் பொருளைப் பிரிக்கும்போது, கரைசலுக்குள் மின்வாய்களை நோக்கி நகரும் பொருள்களுக்குப் பெயர் தேடி, கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹியூவலிடம் யோசனை கேட்டார். ‘செல்வது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல் அப்படித்தான் வந்தது. எலக்ட்ரானை ஜே. ஜே. தாம்சன் கண்டறிந்தது 1897இல். அதாவது, சுமை எதனால் வந்தது என்று எவருக்கும் தெரிவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே பெயர் வைத்தாயிற்று. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் அயன், இலத்திரன் என்று படித்தவர்கள் இங்கே வரும் அயனியும் எலக்ட்ரானும் அவையே என்று கொள்க.

4. ஓர் எலக்ட்ரானைப் பறிக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும்? எல்லா அணுவுக்கும் ஒன்றுதானா?

ஒரு வோல்ட் மின்னழுத்த வேறுபாட்டைக் கடக்கும் எலக்ட்ரான் பெறும் ஆற்றலை ஓர் எலக்ட்ரான் வோல்ட் என்கிறோம். இந்த அளவையில், தனித்து நிற்கும் ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிரிக்க 13.6 வேண்டும். ஹீலியத்துக்கு 24.6, இதுவே தனிமங்களில் மிக அதிகம். சோடியத்துக்கு 5.14 போதும், சீசியத்துக்கு 3.89தான். வெளிக்கூட்டு எலக்ட்ரான் கருவிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது, இடையிலுள்ள மற்ற எலக்ட்ரான்கள் கருவின் ஈர்ப்பை எவ்வளவு மறைக்கின்றன என்பவையே இந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

இரண்டாவது எலக்ட்ரானுக்கு எப்போதும் செலவு கூடும், ஏனெனில் அதை ஏற்கெனவே நேர்மின்சுமை பெற்றுவிட்ட ஒன்றிடமிருந்து பறிக்க வேண்டியிருக்கிறது. மக்னீசியத்தின் முதல் எலக்ட்ரானுக்கு 7.6, இரண்டாவதற்கு 15.0, மூன்றாவதற்கு ஒரேயடியாக 80.1 ஆகிறது. வெளிக்கூடு காலியாகி, உள்கூட்டில் கைவைக்கும் இடத்தில் இந்தத் தாவல் நிகழ்கிறது. மக்னீசியம் இரண்டு எலக்ட்ரான்களை இழப்பதோடும் சோடியம் ஒன்றை இழப்பதோடும் நின்றுவிடுவது இதனால்தான். சோடியத்தின் இரண்டாவது எலக்ட்ரானின் விலை 47.3 எலக்ட்ரான் வோல்ட்.

5. சோடியத்துக்கு எலக்ட்ரானைக் கொடுக்க விருப்பம், குளோரினுக்கு வாங்க விருப்பம் என்று படித்தோம். அதனால்தானே உப்பு உண்டாகிறது?

இந்த வாக்கியத்தை நானும் பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். மனப்பாடத்துக்கு உதவுமே தவிர அது விளக்கம் அன்று. கணக்கைப் போட்டுப் பாருங்கள்: சோடியத்திடமிருந்து எலக்ட்ரானை எடுக்க 5.14 எலக்ட்ரான் வோல்ட் செலவு. குளோரின் அணு அதை ஏற்கும்போது வெளிவிடும் ஆற்றல், அதாவது எலக்ட்ரான் நாட்டம், 3.61. ஆக 1.53 துண்டு விழுகிறது. வெகு தொலைவில் தனித்தனியே நிற்கும் ஒரு சோடியம் அணுவுக்கும் ஒரு குளோரின் அணுவுக்கும் இடையே இந்தக் கைமாற்றம் தானாக நடக்காது. சோடியம் எலக்ட்ரானைக் கொடுக்க விரும்பவில்லை. மற்ற எல்லா அணுக்களையும் போல அதுவும் தன்னுடையதைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது, பிடி சற்றுத் தளர்வானது.

துண்டு விழும் தொகையை ஈடுகட்டுவது, உண்டான இரு அயனிகளுக்கும் இடையிலான ஈர்ப்பு. இரண்டும் ஏறத்தாழ 0.94 நானோமீட்டருக்குள் நெருங்கினால் அந்த ஈர்ப்பால் கிடைக்கும் ஆற்றல் 1.53ஐத் தாண்டுகிறது. ஒற்றைச் சோடியம் குளோரைடு மூலக்கூறில் அயனிகளின் இடைவெளி 0.236 நானோமீட்டர், அங்கே ஈர்ப்பின் பங்கு 6 எலக்ட்ரான் வோல்ட்டுக்குச் சற்று அதிகம். நம் அடுக்களை உப்பிலோ ஒவ்வோர் அயனியையும் எதிர்ச்சுமை கொண்ட ஆறு அயனிகள் சூழ்ந்திருப்பதால், படிகம் உருவாகும்போது ஓர் அயனி இணைக்கு ஏறத்தாழ 8.2 எலக்ட்ரான் வோல்ட் வெளிப்படுகிறது. உலோகச் சோடியத்திலிருந்து ஓர் அணுவைப் பெயர்க்க 1.1, குளோரின் மூலக்கூறை உடைப்பதில் ஓர் அணுவின் பங்காக 1.25 என்ற செலவுகளையும் கழித்த பிறகு மிஞ்சும் 4.3 எலக்ட்ரான் வோல்ட்தான், சோடியம் குளோரினில் எரியும்போது தோன்றும் வெப்பமும் ஒளியும்.

6. ஆக்சிஜன் இரண்டு எலக்ட்ரான்களை ஏற்கிறதே, அதற்கு உண்மையிலேயே நாட்டம் உண்டு அல்லவா?

முதல் எலக்ட்ரானுக்கு உண்டு, 1.46 எலக்ட்ரான் வோல்ட் வெளிப்படுகிறது. இரண்டாவது எலக்ட்ரான் வரும்போது அணு ஏற்கெனவே எதிர்மின் அயனியாக இருப்பதால் அதை விலக்கித் தள்ளுகிறது. வலிந்து சேர்க்க ஏறத்தாழ 8 எலக்ட்ரான் வோல்ட் செலவிட வேண்டும். இரட்டை எதிர்மின்சுமை கொண்ட ஆக்சிஜன் அயனி வெற்றிடத்தில் தனித்து நிலைப்பதே இல்லை. மக்னீசியம் ஆக்சைடு போன்ற படிகத்துக்குள் சுற்றியிருக்கும் நேர்மின் அயனிகள் அதைத் தாங்கிப்பிடிக்கின்றன. முந்தைய பதிலின் கணக்கை இங்கும் போட்டுப் பார்க்கலாம்: இரு தரப்பின் எலக்ட்ரான் செலவுகளையும் சேர்த்தால் 29 எலக்ட்ரான் வோல்ட் அளவு, படிகம் திருப்பித் தருவது ஏறத்தாழ 39.

7. உப்பைத் தண்ணீரில் போட்டவுடன் அயனியாகிறது என்கிறார்கள். தண்ணீர் எப்படி எலக்ட்ரானைப் பறிக்கிறது?

தண்ணீர் எதையும் பறிப்பதில்லை. உப்பு கரைவதற்கு முன்பே, உலர்ந்த படிகமாக இருக்கும்போதே, அது அயனிகளின் அடுக்குதான். 1913இல் பிராக் தந்தையும் மகனும் எக்ஸ் கதிர்களைக் கொண்டு அந்த அமைப்பைக் கண்டறிந்தனர். தண்ணீர் செய்வது பிரித்து வைப்பதை மட்டுமே. நீர் மூலக்கூறில் ஆக்சிஜன் பக்கம் சற்று எதிர்மின்தன்மையும் ஹைட்ரஜன் பக்கம் சற்று நேர்மின்தன்மையும் இருப்பதால் அவை அயனிகளைச் சூழ்ந்துகொள்கின்றன. அயனிகளுக்கு இடையிலான ஈர்ப்பு வெற்றிடத்தில் இருந்ததில் ஏறத்தாழ 80இல் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. ஆகவே இதைப் பிரிகை என்று சொல்வதே பொருத்தம், அயனியாக்கம் என்று சொல்வது பொருந்தாது.

கரைசலுக்கு மொத்தத்தில் மின்சுமை கிடையாது என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும். உப்புத் தண்ணீரில் விரலை விட்டால் ஏன் அதிர்ச்சி அடிப்பதில்லை என்று ஒரு சிறுவன் கேட்டான். அது நல்ல கேள்வி, பதில் இதுதான். கரைசலுக்குள் அயனிகள் மின்சாரம் பாய்ச்சாமலே பிரிந்திருக்கின்றன என்று 1884இல் உப்சாலாவில் தம் ஆய்வேட்டில் வாதிட்ட ஸ்வாந்தே அரேனியஸுக்கு மிகக் குறைந்த தரமே கொடுத்தார்கள். அதே கொள்கைக்காக 1903இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

8. எலக்ட்ரானை இழக்காமலும் பெறாமலும் ஒரு மூலக்கூறு மின்சுமை பெற முடியுமா?

முடியும், மூலக்கூறுகளின் உலகில் இது மிகச் சாதாரணம். அம்மோனியா மூலக்கூறில் 10 புரோட்டான்கள், 10 எலக்ட்ரான்கள். அமிலத்திலிருந்து ஒரு புரோட்டான் அதனிடம் வந்து ஒட்டிக்கொண்டால் 11 புரோட்டான்கள், 10 எலக்ட்ரான்கள் என்றாகி அது அம்மோனியம் அயனி ஆகிறது. எலக்ட்ரான் எண்ணிக்கை மாறவே இல்லை. புரோட்டானைக் கொடுத்த மூலக்கூறோ அந்த ஹைட்ரஜனின் எலக்ட்ரானைத் தன்னிடமே வைத்துக்கொண்டு எதிர்மின் அயனி ஆகிறது.

ஹைட்ரஜன் குளோரைடு வாயு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அது சகப்பிணைப்பு மூலக்கூறு, அதாவது அதன் அணுக்கள் எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொண்டு பிணைந்திருக்கின்றன. உப்பைப் போல முன்கூட்டியே அயனியாக இருப்பதில்லை. டொலுவீன் என்ற கரிமக் கரைப்பானில் கரைத்தால் மின்சாரம் கடத்தாது. நீரில் கரைத்தால் நன்றாகக் கடத்தும், ஏனெனில் நீர் மூலக்கூறு அதன் புரோட்டானை வாங்கிக்கொள்கிறது. இங்கே நடப்பது உண்மையான அயனியாக்கம். முந்தைய பதிலில் சொன்ன பிரிகையிலிருந்து இதை வேறுபடுத்திக்கொண்டால் தேர்வுத்தாளிலும் ஒரு மதிப்பெண் தப்பும்.

9. அப்படியானால் காய்ச்சி வடித்த தூய நீரில் அயனியே இருக்காதா?

இருக்கும். நீர் மூலக்கூறுகள் தமக்குள்ளேயே புரோட்டானைக் கைமாற்றிக்கொள்கின்றன. 25 பாகை செல்சியஸில் ஒரு லிட்டர் நீரில் இவ்வாறு உண்டாகும் ஹைட்ரோனியம் அயனிகள் (ஒரு புரோட்டானைக் கூடுதலாகப் பெற்ற நீர் மூலக்கூறுகள்) 10⁻⁷ மோல். மூலக்கூறுக் கணக்கில் ஏறத்தாழ 55 கோடிக்கு ஒன்று. நடுநிலை நீரின் பி.எச். மதிப்பு 7 என்பதில் வரும் 7 இந்த அடுக்குக்குறிதான்.

10. செல்பேசிக் கதிர் உடம்பிலுள்ள அணுக்களை அயனியாக்கிவிடும் என்கிறார்களே? வெயில் கூடவா அப்படிச் செய்யும்?

ஒளி சிறுசிறு பொட்டலங்களாக, அதாவது ஃபோட்டான்களாக, வருகிறது. சாதாரணமாக ஓர் எலக்ட்ரான் ஒரு நேரத்தில் ஒரு பொட்டலத்தையே ஏற்கும். ஆகவே ஒற்றைப் பொட்டலத்தின் ஆற்றல், 4ஆம் பதிலில் சொன்ன விலையை எட்ட வேண்டும். செல்பேசி பயன்படுத்தும் 2 கிகாஹெர்ட்ஸ் அலையின் ஃபோட்டானில் இருப்பது ஓர் எலக்ட்ரான் வோல்ட்டில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நீர் மூலக்கூறை அயனியாக்க 12.6 வேண்டும். அலையை எவ்வளவு வலுவாக்கினாலும் பொட்டலங்களின் எண்ணிக்கைதான் கூடும், ஒவ்வொன்றின் ஆற்றல் கூடாது. திசு சூடேறலாம், அயனியாகாது. மிகச் செறிவான லேசர் ஒளியில் பல ஃபோட்டான்கள் ஒரே சமயத்தில் கூடி ஓர் எலக்ட்ரானை வெளியேற்றுவது உண்டு. அன்றாட வாழ்க்கையில் அதற்கு இடமில்லை.

கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஃபோட்டான்கள் 1.7 முதல் 3.1 எலக்ட்ரான் வோல்ட் வரை. தரையை எட்டும் புறஊதாக் கதிரும் ஏறத்தாழ 4.3ஐத் தாண்டுவதில்லை, அதற்கு மேற்பட்டதை ஓசோன் தடுத்துவிடுகிறது. வெயில் தோலைச் சுடுவதும் மரபணுவைக் கெடுப்பதும் மூலக்கூறுகளின் பிணைப்புகளை மாற்றியமைப்பதால்தான், அயனியாக்கத்தால் அன்று. எக்ஸ் கதிர், காமாக் கதிர் ஆகியவற்றின் ஃபோட்டான்களில் ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் எலக்ட்ரான் வோல்ட் இருப்பதால் அவற்றை அயனியாக்கும் கதிர்கள் என்று தனியே பிரித்திருக்கிறார்கள்.

வளிமண்டலத்தின் உச்சியில் நிலைமை வேறு. 60 கிலோமீட்டருக்கு மேல், சூரியனிலிருந்து வரும் 121.6 நானோமீட்டர் ஒளியின் ஃபோட்டான் 10.2 எலக்ட்ரான் வோல்ட் கொண்டது, அது நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் அயனியாக்காது, ஆனால் அங்கே மிகச் சிறிதளவே இருக்கும் நைட்ரிக் ஆக்சைடை (அதன் விலை 9.3) அயனியாக்கிவிடும். அயனி மண்டலத்தின் அடியடுக்கு பெரிதும் இப்படி உண்டாவதே. பகலில் அது மத்திய அலை வானொலியை உறிஞ்சிவிடுகிறது. சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கலைந்துவிடுவதால்தான் தொலைதூர நிலையங்கள் இரவில் கேட்கின்றன.

11. அடுப்புத் தீயில் உப்பு விழுந்தால் மஞ்சளாக எரிகிறதே, அது சோடியம் அயனியின் நிறமா?

அன்று. அது நடுநிலைச் சோடியம் அணுவின் நிறம். தீயில் வெளிக்கூட்டு எலக்ட்ரான் 2.1 எலக்ட்ரான் வோல்ட் அளவு மேலே ஏறி, அணுவை விட்டு வெளியேறாமலே திரும்ப இறங்குகிறது. இறங்கும்போது விடும் ஒளி அந்த மஞ்சள். இது கிளர்வு, அயனியாக்கம் அன்று. மாடிப்படியில் ஏறி இறங்குவதற்கும் வீட்டை விட்டே போய்விடுவதற்கும் உள்ள வேறுபாடு.

12. காற்று மின்சாரத்தைக் கடத்தாது என்கிறோம். மின்னல் மட்டும் எப்படிப் பாய்கிறது?

காற்றில் எப்போதும் ஓரிரு தனி எலக்ட்ரான்கள் அலைந்துகொண்டிருக்கும் (அவை எப்படி வந்தன என்பது அடுத்த பதிலில்). மின்புலம் வலுவாக இருந்தால் அப்படிப்பட்ட எலக்ட்ரான் முடுக்கம் பெற்று ஒரு மூலக்கூறில் மோதி, அதிலிருந்து இன்னோர் எலக்ட்ரானைத் தட்டிவிடும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருகும். சாதாரண அழுத்தத்தில் உலர்ந்த காற்றில் இது தொடர்ந்து நடக்க மீட்டருக்கு ஏறத்தாழ 30 லட்சம் வோல்ட் தேவை. இங்கே ஆற்றல் செலவை ஏற்பது மின்புலம்.

வீட்டுக் குழல்விளக்கில் இதே மோதல் அடக்கமாக நடக்கிறது. அதற்குள் குறைந்த அழுத்தத்தில் ஆர்கானும் சிறிதளவு பாதரச ஆவியும் இருக்கின்றன. எலக்ட்ரான் மோதி ஆர்கானை 11.5 எலக்ட்ரான் வோல்ட் உயரத்துக்குக் கிளர்த்துகிறது. அந்த நிலையிலிருந்து ஆர்கான் எளிதில் இறங்க முடியாமல் தங்கிவிடுகிறது. பாதரசத்தை அயனியாக்க 10.4 போதும். ஆகவே கிளர்ந்த ஆர்கான் அணு பாதரச அணுவைச் சந்திக்கும்போது தன் ஆற்றலைக் கொடுத்து அதன் எலக்ட்ரானை வெளியேற்றுகிறது. ஓர் அணு தான் அயனியாகாமலே இன்னொன்றை அயனியாக்கும் இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் விளக்கு எரியத் தொடங்குவது கடினமாகும்.

13. நாம் சுவாசிக்கும் சாதாரணக் காற்றிலும் அயனிகள் உண்டா?

உண்டு, ஒரு கன சென்டிமீட்டரில் சில நூறு முதல் சில ஆயிரம் வரை. அதே கன சென்டிமீட்டரில் உள்ள மூலக்கூறுகள் 2.5 × 10¹⁹ என்பதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. மண்ணிலும் பாறையிலும் உள்ள கதிரியக்கம், அதிலிருந்து கசியும் ரேடான் வாயு, விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் ஆகியவை இவற்றை உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. எதிர்ச் சுமைகள் ஒன்றுசேர்ந்து அழிந்துகொண்டும் இருக்கின்றன. எல்லாம் நிலத்திலிருந்துதான் வருகின்றன என்றால் மேலே போகப்போகக் குறைய வேண்டும். 1912 ஆகஸ்டில் விக்டர் ஹெஸ் பலூனில் 5,000 மீட்டருக்கு மேல் ஏறி அளந்தபோது அயனியாக்கம் தரையில் இருந்ததைவிடக் கூடியிருந்தது. காஸ்மிக் கதிர் கண்டறியப்பட்டது இவ்வாறுதான். 1936இல் அவருக்கு நோபல் பரிசு.

ஒரு நுட்பம்: நைட்ரஜன் மூலக்கூறின் விலை 15.6, ஆக்சிஜனுடையது 12.1 என்றாலும், காற்றில் ஓர் அயனி இணையை உண்டாக்கக் கதிர் செலவிடுவது சராசரியாக 34 எலக்ட்ரான் வோல்ட். மீதி, 11ஆம் பதிலில் சொன்ன கிளர்விலும் துகள்களின் இயக்க ஆற்றலிலும் போய்விடுகிறது. புகையறி கருவிகளில் உள்ள அமெரிசியம்-241 விடும் ஓர் ஆல்ஃபா துகள் 55 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு கிளம்பி, காற்றில் நான்கு சென்டிமீட்டர் தொலைவுக்குள் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட இணைகளை உண்டாக்கிவிட்டு நின்றுபோகும்.

14. சூடாக்கியே அயனியாக்க முடியுமா? எவ்வளவு சூடு வேண்டும்?

முடியும், இந்தக் கேள்விக்கு விடை கண்டவர் டாக்கா அருகே பிறந்த மேகநாத் சாகா. 1920இல், கல்கத்தாவில் இருந்தபோது அவர் எழுதிய சமன்பாடு, ஒரு வாயுவில் எத்தனை பங்கு அயனியாகும் என்பதை வெப்பநிலை, அழுத்தம், அயனியாக்கும் ஆற்றல் ஆகிய மூன்றையும் கொண்டு சொல்கிறது. வெப்பநிலையை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் ஹைட்ரஜனின் 13.6 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு ஒன்றரை லட்சம் கெல்வின் வேண்டும் என்று தோன்றும். உண்மையில் விண்மீன்களின் மேலடுக்குகளில் பத்தாயிரம் கெல்வின் அளவிலேயே ஹைட்ரஜனின் பெரும்பங்கு அயனியாகிவிடுகிறது.

காரணம், மீண்டும் சேர்வதில் உள்ள சிரமம். அடர்த்தி குறைந்த வாயுவில் ஒருமுறை வெளியேறிய எலக்ட்ரானுக்குச் சுற்றித் திரிய இடம் ஏராளம். தன் அயனியையோ வேறோர் அயனியையோ சந்திப்பது அரிது. சிறிய அறையில் தொலைந்த ஊசியை உடனே கண்டுபிடித்துவிடலாம், கடற்கரை மணல்வெளியில் தொலைந்த ஊசி கிடைக்காது. வெளியேற்றம் அரிதாக நடந்தாலும் திரும்புதல் அதைவிட அரிது என்பதால் அயனிகள் மிகுந்து நிற்கின்றன. அழுத்தம் குறைந்தால் அயனியாக்கம் கூடும் என்று சாகா காட்டியதன் உட்பொருள் இது.

சூரியனின் ஒளி மேற்பரப்பில், ஏறத்தாழ 5,800 கெல்வினில், ஹைட்ரஜனில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவே அயனியாகியிருக்கிறது, 6.1 எலக்ட்ரான் வோல்ட் விலை கொண்ட கால்சியமோ பெரும்பாலும் அயனியாகிவிட்டது. சூரிய ஒளியில் ரூபிடியத்தின் கோடுகள் தெரியாததற்கு, அது முழுவதும் அயனியாகிவிட்டதே காரணம், குளிர்ந்த சூரியப் புள்ளிகளில் தேடினால் கிடைக்கும் என்று சாகா சொன்னார். பின்னர் வானியலாளர் ஹென்றி நோரிஸ் ரஸல் அதை அங்கே கண்டார். இதே சமன்பாட்டைக் கொண்டு 1925இல் சிசீலியா பெய்ன், விண்மீன்களில் மிகுந்திருப்பது ஹைட்ரஜனே என்று கணக்கிட்டார்.

15. ஹைட்ரஜன் எலக்ட்ரானை இழக்கும் என்று தெரியும். வாங்கவும் செய்யுமா?

செய்யும், நாம் நாள்தோறும் அதன் விளைவைப் பார்க்கிறோம். கூடுதல் எலக்ட்ரானை ஹைட்ரஜன் வெறும் 0.75 எலக்ட்ரான் வோல்ட்டால்தான் பிடித்துவைத்திருக்கிறது. இந்தத் தளர்ந்த எதிர்மின் அயனியே சூரியனின் மேலடுக்கில் கண்ணுக்குத் தெரியும் ஒளியை உறிஞ்சுவதில் முதன்மையானது என்று 1939இல் வானியலாளர் ரூபர்ட் வில்ட் சுட்டிக்காட்டினார். 1940களில் சுப்பிரமணியன் சந்திரசேகர் அதன் உறிஞ்சுதிறனைக் கணக்கிட்டு நிலைநாட்டினார். எலக்ட்ரான் வந்து ஒட்டும்போது வெளிப்படும் ஒளியே நமக்கு வந்துசேரும் வெயிலின் பெரும்பகுதி.

கூடுதல் எலக்ட்ரான் எங்கிருந்து வந்தது? சென்ற பதிலில் சொன்னபடி ஹைட்ரஜன் அங்கே தானாக மிகக் குறைவாகவே அயனியாகிறது. கால்சியம், மக்னீசியம், இரும்பு, சோடியம் போன்ற, விலை குறைந்த உலோகங்கள் இழந்தவையே அவை. அளவில் அற்பமான உலோகங்கள் சூரியனின் ஒளித்தன்மையைத் தீர்மானிப்பது எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது.

16. மந்த வாயுக்கள் அயனியாகா அல்லவா?

அயனியாகும். நியான் விளக்கு எரிவதே அதனால்தான். செலவு அதிகம், அவ்வளவே. வேதிவினையில் அவை எலக்ட்ரானை விடா என்ற நம்பிக்கையும் 1962இல் உடைந்தது. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நீல் பார்ட்லெட், பிளாட்டினம் ஹெக்சாஃபுளூரைடு ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்தே எலக்ட்ரானைப் பறிப்பதைக் கண்டார். ஆக்சிஜன் மூலக்கூறின் விலையும் மந்த வாயுவான செனானின் விலையும் ஏறத்தாழ ஒன்றே, 12.1 எலக்ட்ரான் வோல்ட், என்பது அவர் கண்ணில் பட்டது. செனானோடு கலந்தார்; வினை நடந்தது. அட்டவணையில் இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால் கிடைத்த கண்டுபிடிப்பு.

17. தலைவாரிய சீப்பு காகிதத் துண்டை இழுக்கிறது. சீப்பின் அணுக்கள் எல்லாம் அயனியாகிவிட்டனவா?

எல்லாம் அன்று, மிக மிகச் சில. காற்றில் உள்ள ஒரு பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.7 நானோகூலுமுக்கு மேல் சுமை ஏந்தினால், 12ஆம் பதிலில் சொன்ன முறிவு ஏற்பட்டுப் பொறி பறந்துவிடும். அந்த உச்ச அளவிலும் மேற்பரப்பு அணுக்களில் பல பத்தாயிரத்துக்கு ஒன்றுதான் கூடுதல் சுமை பெற்றிருக்கும். உரசும்போது கைமாறுவது எலக்ட்ரானா, அயனியா, சுமை ஏந்திய துணுக்குகளா என்பது பொருளுக்குப் பொருள் மாறுகிறது; ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கும் விஷயம் இது.

18. ஒரு கிராம் சோடியத்தை முழுவதும் நேர்மின் அயனியாக்கி ஒரு குப்பியில் அடைத்துவைக்க முடியுமா?

முடியாது. ஒரு கிராம் சோடியத்தின் ஒவ்வோர் அணுவும் ஓர் எலக்ட்ரானை இழந்தால் சேரும் சுமை ஏறத்தாழ 4,200 கூலும். அப்படிப்பட்ட இரண்டு குப்பிகளை ஒரு மீட்டர் இடைவெளியில் வைத்தால் அவை ஒன்றையொன்று தள்ளும் விசை, பதினாறு லட்சம் கோடி டன் எடைக்குச் சமம். இயற்கையில் நேர்மின் அயனிகள் இருக்கும் இடத்தில் எதிர்மின் அயனிகளோ எலக்ட்ரான்களோ பக்கத்திலேயே இருப்பதற்கு இதுவே காரணம்.

இந்த விலக்குவிசையை ஆய்வகத்தில் கண்ணால் காணலாம். கார உலோகம் நீரில் வெடிப்பதற்கு ஹைட்ரஜன் தீப்பற்றுவதே காரணம் என்று சொல்லிவந்தோம். 2015இல் செக் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் சோடியம்–பொட்டாசியம் கலவைத் துளி நீரில் விழுவதை அதிவேகக் கேமராவில் பதிவுசெய்தனர். ஒரு மில்லிநொடிக்குள் துளியிலிருந்து ஊசிகள் போல உலோகம் பீறிட்டது. மேற்பரப்பு அணுக்களின் எலக்ட்ரான்கள் நீருக்குள் பாய்ந்துவிட, மிஞ்சிய நேர்மின் அயனிகள் ஒன்றையொன்று தள்ளித் துளியைச் சிதறடிக்கின்றன என்பது அவர்களின் விளக்கம்.

19. புரதம் போன்ற பெரிய மூலக்கூறை உடையாமல் அயனியாக்குவது எப்படி?

மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் கருவியான நிறை நிறமாலைமானியில் வழக்கமாக 70 எலக்ட்ரான் வோல்ட் எலக்ட்ரானால் மூலக்கூறை மோதி அயனியாக்குவார்கள். சிறிய மூலக்கூறுகள்கூட அதில் துண்டுதுண்டாகும். புரதம் தாங்காது, முதலில் அதை ஆவியாக்கவே முடியாது. ஜான் ஃபென் கையாண்ட வழியில் புரதக் கரைசலைச் சில ஆயிரம் வோல்ட் மின்னழுத்தத்தில் உள்ள நுண்குழாய் வழியே தெளிக்கிறார்கள். சுமையேறிய துளியிலிருந்து நீர் ஆவியாக ஆவியாக, சுருங்கும் துளியில் சுமைகள் நெருங்கி ஒன்றையொன்று தள்ளித் துளியைப் பிளக்கின்றன. இறுதியில் எஞ்சும் புரதத்தின் மேல் பல புரோட்டான்கள் ஒட்டியிருக்கும். எலக்ட்ரானைப் பறிக்காமல் புரோட்டானை ஒட்டவைக்கும் 8ஆம் பதிலின் வழிதான் இது. 2002இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் ஃபென்னும் ஒருவர்.

20. எதிர்மின் அயனி வெளியிடும் வளையல், பதக்கம் விற்கிறார்களே, வாங்கலாமா?

வேண்டாம். கணக்கைக் கேளுங்கள்: மின்கலமும் இல்லாமல், மின்னிணைப்பும் இல்லாமல், அந்த வளையல் ஆண்டுக்கணக்கில் அயனியாக்கும் செலவை எப்படி ஏற்கிறது? பெரும்பாலானவை எதுவும் செய்வதில்லை. உண்மையிலேயே அயனிகளை உண்டாக்கும் சிலவற்றில் கதிரியக்கப் பொருள் இருந்திருக்கிறது; 2021இல் நெதர்லாந்தின் அணுக்கதிர்ப் பாதுகாப்பு அமைப்பு அப்படிப்பட்ட பத்துப் பொருள்களை அணியக் கூடாதென எச்சரித்தது.

21. ஓர் அணுவின் எல்லா எலக்ட்ரான்களையும் உருவிவிட முடியுமா?

முடியும். ஆல்ஃபா துகள் என்பதே இரண்டு எலக்ட்ரான்களும் இல்லாத ஹீலியம்தான். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் உள்ள துகள்முடுக்கியில் யுரேனியத்தின் 92 எலக்ட்ரான்களையும் நீக்கி, வெறும் கருவை வளையத்தில் சுற்றவிட்டிருக்கிறார்கள். வேகமாக வரும் யுரேனிய அயனியை மெல்லிய தகட்டின் ஊடாகச் செலுத்தினால் தகட்டின் அணுக்கள் அதன் எலக்ட்ரான்களை உரித்துவிடும். கடைசி எலக்ட்ரானின் விலை ஏறத்தாழ 1,32,000 எலக்ட்ரான் வோல்ட்.

22. வெளியிலிருந்து எதுவும் வராமல், எதுவும் மோதாமல், ஓர் அணு தானாகவே அயனியாகுமா?

ஒரு மாணவி கேட்ட கேள்வி இது. 2ஆம் பதிலை நான் திருத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவமான டிரிட்டியத்தின் கருவில் ஒரு புரோட்டானும் இரண்டு நியூட்ரான்களும் இருக்கின்றன, வெளியே ஓர் எலக்ட்ரான். கருவிலுள்ள நியூட்ரான் ஒன்று புரோட்டானாக மாறும்போது, அந்த நொடியில் பிறக்கும் ஓர் எலக்ட்ரான் பெருவேகத்தில் வெளியே பாய்கிறது. வெளிக்கூட்டு எலக்ட்ரான் பெரும்பாலும் அங்கேயே இருக்கிறது. ஆனால் கருவில் இப்போது இரண்டு புரோட்டான்கள். அணு ஹீலியமாகவும் அயனியாகவும் ஒரே சமயத்தில் மாறிவிட்டது. செலவை ஏற்றது கருவின் ஆற்றல். வெளியேறிய எலக்ட்ரான் முன்பு அணுவில் இருந்ததே இல்லை.

அந்த ஹீலியம் அயனிக்கு ஓர் எலக்ட்ரான் கிடைத்தால் 24.6 எலக்ட்ரான் வோல்ட் வெளிப்படும். சுற்றிலும் உள்ள எந்த மூலக்கூறின் விலையும் அதைவிடக் குறைவு. ஆகவே அது அருகில் வரும் முதல் மூலக்கூறுகளில் ஒன்றிடமிருந்தே பறித்துக்கொள்கிறது, பறிகொடுத்தது புதிய அயனி ஆகிறது.